‘எலிக்குக் கல்லீரல் புற்று’ என்று செய்தி வந்தால் அந்த ஆய்வை எப்படிப் படிப்பது? டெல்டா வாசகர்களுக்கு ஒரு கையேடு

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் பள்ளிபாளையம், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளைக் கடந்து, நொய்யலும் அமராவதியும் வந்து சேரும் இடங்களைக் கடந்து, கல்லணையில் பிரிந்துதான் வெண்ணாற்றுக்கும் அரசலாற்றுக்கும் வருகிறது. அதனால் ‘இந்த ரசாயனம் எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்குகிறது’ என்று ஒரு செய்தி வந்தால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை வாட்சப் குழுக்களில் அன்றைக்கே சுற்றிவிடும். கேட்டவர்களில் பாதிப்பேர் ஆற்று மீனே வேண்டாம் என்பார்கள். மீதிப்பேர் “எலிக்குத்தானே வந்தது, நமக்கென்ன” என்று போய்விடுவார்கள். ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்து நாலு கேள்வி கேட்டால் எந்த ரசாயனத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். அறிவியல் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், விவசாய சங்கத்தார், ஊராட்சியில் குடிநீர் பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது.

தொடக்கியா, ஊக்கியா?

முதல் கேள்வி இதுதான். பெரும்பாலான செய்திகள் இதைச் சொல்வதே இல்லை.

வயலில் களை விதை எப்போதும் கிடக்கிறது. தண்ணீரும் உரமும் கிடைக்கும்வரை அது முளைத்து மேலே வராது. கல்லீரலிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, அந்தச் சேதத்தை நிரந்தரமாக்கும் பொருள் தொடக்கி. ஆய்வகத்தில் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது டையெத்தில் நைட்ரோசமீன், சுருக்கமாக டென். பூசணம் பிடித்த கடலையில் வரும் அஃப்லடாக்சினும் தொடக்கிதான். ஊக்கி டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. ஏற்கெனவே மாறிப்போன செல்களைச் சுற்றியுள்ள செல்களைவிட வேகமாகப் பிரிய வைக்கும், அவை தாமாகச் சாவதையும் தடுக்கும். பிவிசி எரியும்போது உருவாகும் டையாக்சின், பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் இருக்கக்கூடிய பி.சி.பி., பழைய பூச்சிமருந்தான பி.எச்.சி. பவுடர் போன்ற ரசாயனங்களில் பல இந்த இரண்டாவது வகை.

இந்தப் பாகுபாட்டுக்கு நடைமுறையில் பெரிய விளைவுகள் உண்டு. தொடக்கி ஒருமுறை பட்டாலும் தழும்பு நிற்கும். ஊக்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்து வந்தால்தான் வேலை செய்யும். ஆரம்ப நிலையில் நிறுத்திவிட்டால், மாறிய செல்கள் கூட்டமாக வளர்ந்த திட்டுகளில் பல சுருங்கி மறைகின்றன. தண்ணீரை வடித்த வயலில் இளங்களை வாடுகிற மாதிரி. ஆழமாக வேர்விட்ட பிறகு வடித்துப் பயனில்லை, புற்றாக முற்றிய கட்டியும் அப்படித்தான். ஊக்கிகளுக்குப் பொதுவாக ஒரு கீழ்வரம்பும் உண்டு. அதற்குக் கீழே கொடுத்தால் கல்லீரல் பொருட்படுத்தாது.

கொடுக்கும் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை 1971இல் பெரைனோ குழுவின் எலி ஆய்வு காட்டியது. வலிப்பு நோய் மருந்தான ஃபீனோபார்பிடாலைப் புற்று உண்டாக்கும் ரசாயனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன. அதே ஃபீனோபார்பிடாலை, ரசாயனத்தை நிறுத்திய பிறகு தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் கூடின. அதே மருந்து, அதே எலி, நாள்தான் வேறு. ஆகவே ஆய்வில் ‘எப்போது கொடுத்தார்கள்’ என்ற வரியைத் தேடாமல் முடிவுப் பகுதிக்குப் போகாதீர்கள்.

எட்டு வார ஆய்வு: உள்ளே என்ன நடக்கிறது

ஊக்கிகளைக் கண்டுபிடிக்க அதிகம் பயன்பட்ட முறைகளில் ஒன்று ஜப்பானின் நகோயாவில் இட்டோ குழு உருவாக்கியது. ஆறு வார வயது ஆண் எலிக்கு, எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் டென் ஒரே ஊசியாக வயிற்றில் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, சோதிக்க வேண்டிய ரசாயனத்தைத் தீவனத்திலோ தண்ணீரிலோ ஆறு வாரம் கொடுப்பார்கள். மூன்றாவது வார முடிவில் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுப்பார்கள். மிச்சமிருக்கும் கல்லீரல் பத்து நாளுக்குள் பழைய அளவை நெருங்கிவிடும். அந்த வேகமான வளர்ச்சியில் மாறிப்போன செல்களும் சேர்ந்து பெருகும். எட்டாவது வாரத்தில் கல்லீரலை எடுத்து மெல்லிய சீவலாக்கிச் சாயம் ஏற்றுவார்கள்.

அந்தச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிர் நீலப் பரப்பில் அங்கங்கே பழுப்பு வட்டங்கள் தெரியும். சாதாரண எலிக் கல்லீரல் செல்லில் ஏறக்குறைய இல்லாத ஒரு நொதியின் அடையாளம் அந்தப் பழுப்பு. அதன் பெயர் ஜி.எஸ்.டி.-பி. 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டங்களை மட்டும் எண்ணி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை, மொத்தப் பரப்பு எவ்வளவு என்று இரண்டு எண்களாகத் தருவார்கள். இரண்டையும் பாருங்கள். எண்ணிக்கை, பரப்பு இரண்டும் கூடியிருந்தால் வலுவான சான்று. ஒன்று மட்டும் கூடியிருந்தால் நிதானமாகப் படியுங்கள்.

இந்தத் திட்டுகள் புற்று அல்ல, புற்றுக்கு முந்தைய நிலை. ‘எட்டு வாரத்தில் புற்று’ என்று தலைப்பு வந்தால் எழுதியவர் கட்டுரையைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை குழு இருந்தது என்பதையும் எண்ணுங்கள். ஒரு ரசாயனம் ஊக்கிதான் என்று சொல்ல நான்கு குழு வேண்டும்: எதுவும் கொடுக்காதது, டென் மட்டும், ரசாயனம் மட்டும், டென்னுக்குப் பிறகு ரசாயனம். டென் மட்டும் கொடுத்த குழு இல்லையென்றால், தெரிகிற திட்டுகள் டென்னால் வந்தவையா ரசாயனத்தால் கூடியவையா என்று சொல்ல வழியே இல்லை. ரசாயனம் மட்டும் கொடுத்த குழு இல்லையென்றால் அது தானே தொடக்கியாகவும் இருக்கிறதா என்பது தெரியாது. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்ட கட்டுரையை வைத்து ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டாம்.

எந்த வழியாக ஊக்குகிறது

கல்லீரல் செல்லுக்குள் சில ஏற்பிகள் உண்டு. ரசாயனம் வந்து ஒட்டினால் அவை வரிசையாக மரபணுக்களை முடுக்கிவிடும். ஃபீனோபார்பிடாலும் சில பி.சி.பி.களும் ‘கார்’ என்ற ஏற்பி வழியாக வேலை செய்கின்றன. அந்த ஏற்பியை மரபணு முறையில் நீக்கிய சுண்டெலிக்கு ஃபீனோபார்பிடால் கொடுத்தால் கட்டி வளர்வதில்லை. டையாக்சினும் அதைப் போன்ற பி.சி.பி.களும் ‘ஏ.எச்.’ ஏற்பியைப் பிடிக்கின்றன. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. போன்ற தாலேட்டுகள் ‘பிபார் ஆல்பா’ என்ற மூன்றாவது ஏற்பியை இயக்குகின்றன. கட்டுரையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மனிதருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஏற்பி இல்லாத வழியும் ஒன்று உண்டு: செல்லைக் கொன்று, அந்த இடத்தை நிரப்பப் புதுச் செல்களைப் பிரிய வைப்பது. இதற்குக் குளோரோஃபார்மைவிட நல்ல உதாரணம் இல்லை, நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தமும் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும்போது, தண்ணீரில் மக்கிய இலைதழைச் சத்து இருந்தால் சிறிதளவு குளோரோஃபார்ம் உருவாகும். 1976இல் வெளியான அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வில், மக்காச்சோள எண்ணெயில் கலந்து குழாய் வழியே வயிற்றில் இறக்கிய குளோரோஃபார்ம் சுண்டெலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கியது. 1985இல் அதே இனப் பெண் சுண்டெலிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்த ஆய்வில் கல்லீரல் கட்டி கூடவில்லை. எண்ணெயில் ஒரே மூச்சாக இறங்கும்போது கல்லீரல் சமாளிக்க முடியாமல் செல்கள் செத்து, திரும்பத் திரும்பப் புதுப்பிக்கின்றன. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்போது அந்தச் சேதம் வருவதில்லை.

எனவே ‘குளோரின் போட்டால் புற்று’ என்ற செய்தியைக் காட்டித் தொட்டியில் பவுடர் போடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500இல் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரம்பு இருக்கிறது. தொட்டியைக் கழுவிச் சேற்றையும் இலையையும் எடுத்துவிட்டுப் பவுடர் போட்டால் உருவாகும் அளவு குறையும். பவுடரே போடாவிட்டால் வருவது வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும்.

எண்ணை நம் உடம்புக்கு மாற்றுவது

1975இல் கிம்ப்ரோ குழு வெளியிட்ட பி.சி.பி. ஆய்வை எடுத்துக்கொள்வோம். பெண் எலிகளுக்கு அரோக்ளோர் 1260 என்ற பி.சி.பி. கலவையைத் தீவனத்தில் 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் ஏறத்தாழ 21 மாதம் கொடுத்தார்கள். 184 எலிகளில் 26க்குக் கல்லீரல் புற்று. ஒப்பீட்டுக் குழுவில் 173இல் 1. அதாவது 14 சதவீதத்துக்கு எதிராக ஒரு சதவீதத்துக்கும் கீழே. இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வராது. எப்போதும் சதவீதத்தோடு மொத்த எண்ணிக்கையையும் எழுதிப் பாருங்கள். ‘இருமடங்கு ஆனது’ என்ற செய்திக்குப் பின்னால் 50இல் 1, 50இல் 2 என்று இருந்தால் அதில் ஒன்றுமே இல்லை.

அளவை மாற்றும் கணக்கு எளிது. வளர்ந்த எலிக்குத் தீவனத்தில் 1 பி.பி.எம். என்றால், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிகிராம். சுண்டெலிக்குச் சுமார் 0.15. ஆக 100 பி.பி.எம். × 0.05 = 5 மில்லிகிராம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலி என்றால் 12.3ஆல். இதைச் செய்யாமல் அப்படியே 60 கிலோவால் பெருக்கினால் தப்பான விடை வரும்.

தாலேட் ஆய்வில் போட்டுப் பாருங்கள். 1982இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வில் எலிகளுக்கு டி.இ.எச்.பி. அதிக அளவாக 12,000 பி.பி.எம். கொடுத்தார்கள். 12,000 × 0.05 = 600. 600 ÷ 6.2 = ஏறக்குறைய 97. 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 5.8 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் மேல். உணவுப் பொட்டலம் வழியாக நம் உடம்பில் சேர்வது மைக்ரோகிராம் கணக்கில்.

இந்தக் கணக்கு காலை வாரிவிடும் இடமும் உண்டு. டையாக்சின், பி.சி.பி. போன்றவை கொழுப்பில் தங்கிவிடும். உடம்பில் உள்ள டையாக்சினில் பாதி வெளியேற எலிக்குச் சுமார் மூன்று வாரம், மனிதருக்குச் சுமார் ஏழு வருடம். தினசரி அளவு சின்னதாக இருந்தாலும் மனித உடம்பில் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு உடம்பில் சேர்ந்திருக்கும் மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும். தாலேட் போல ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும் பொருளுக்கு மேலே சொன்ன கணக்கு போதும்.

ஆய்வு எங்கே சறுக்கும்

எந்த இனம் என்று பாருங்கள். பி6சி3எஃப்1 என்ற சுண்டெலி இனத்தின் ஆண்களுக்கு எந்த ரசாயனமும் இல்லாமலே, ஆயுள் முடிவில் பெரும் பங்குக்குக் கல்லீரல் கட்டி வருகிறது. குண்டான சுண்டெலிக்கு இன்னும் அதிகம். அந்த இனத்து ஆணில் மட்டும் வந்த கட்டியைத் தனியாக நின்று பேசும் சான்றாக எடுக்க மாட்டோம். எலி, சுண்டெலி இரண்டிலும் வந்தால் எடை கூடும். டையாக்சினில் ஆண் எலியைவிடப் பெண் எலிக்குத்தான் கல்லீரல் கட்டி அதிகம். கருப்பையின் பக்கத்திலுள்ள சூலகங்களை எடுத்துவிட்ட எலிகளில் அந்த ஊக்கம் குறைந்தது, ஈஸ்ட்ரோஜன் அதில் பங்கெடுக்கிறது.

கூண்டிலேயே நோய் இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில், ஒரு ஆய்வகத்தில் எதுவும் கொடுக்காத ஒப்பீட்டுச் சுண்டெலிகளுக்கும் கல்லீரல் அழற்சியும் கட்டியும் வந்தன. தேடிப் பார்த்தபோது ஹெலிகோபாக்டர் ஹெப்பாட்டிகஸ் என்ற பாக்டீரியா பிடிபட்டது. தீவனத்தில் அஃப்லடாக்சின் இருந்தாலும் முழு ஆய்வும் கெட்டுப்போகும். நல்ல கட்டுரையில் தீவனப் பரிசோதனை பற்றி ஒரு வரி இருக்கும்.

கொடுத்த அளவு மிகுந்துபோய் எலியே மெலிந்தால் முடிவை நம்ப முடியாது. ஒப்பீட்டுக் குழுவைவிட எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த அளவு உடம்பு தாங்கக்கூடியதற்கு மேல். முழு இரண்டு வருட ஆய்வு என்றால் ஒவ்வொரு அளவிலும் ஆண் 50, பெண் 50, குறைந்தது மூன்று அளவுகள், ஒரு ஒப்பீட்டுக் குழு என்பது சர்வதேச வழிமுறை.

சீவலைப் பார்த்தவர் யார் என்பதும் பொருட்டு. 1978இல் வந்த புகழ்பெற்ற டையாக்சின் எலி ஆய்வின் சீவல்களை 1990இல் வேறு நோயியல் நிபுணர்கள் சேர்ந்து மறுபடி பார்த்தபோது, கட்டி என்று எண்ணியவற்றில் ஒரு பகுதி கட்டிக் கணக்கிலிருந்து வெளியேறியது.

மனிதருக்குப் பொருந்துமா

தாலேட் இயக்கும் பிபார் ஆல்பா வழியில் எலியின் கல்லீரல் மிக எளிதில் தூண்டப்படும். மனிதக் கல்லீரல் அந்த அளவுக்கு எதிர்வினை காட்டுவதில்லை. ஃபீனோபார்பிடாலைப் பல வருடம் உட்கொண்ட வலிப்பு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், அந்த மருந்தால் கல்லீரல் புற்று கூடியதாகத் தெளிவான சான்று வரவில்லை. எலிச் செய்தியைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அன்றைக்கே உயிருக்கு ஆபத்து.

எதிர்ப்பக்கம் வினைல் குளோரைடு இருக்கிறது. பிவிசி தயாரிக்கப் பயன்படும் இந்த வாயு எலிகளுக்குக் கல்லீரல் ரத்தநாளப் புற்றை உண்டாக்கியது. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆலை ஒன்றில், வேலை செய்தவர்களுக்கும் அதே அரிய புற்று வந்தது தெரியவந்தது. “எலிக்குத்தானே” என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டையாக்சின், பி.சி.பி., லிண்டேன் (பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் காமா வகை) மூன்றையும் முதல் குழுவில், மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று வைத்திருக்கிறது. டி.டி.டி. அதற்கு அடுத்த படியில். அந்தக் குழு எண் சான்றின் உறுதியைச் சொல்கிறது. எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லாது.

டெல்டாவில் கவனிக்க வேண்டியவை

பரணைப் பாருங்கள். பல வீடுகளில் கேமக்சின், பி.எச்.சி. என்று பழைய டப்பா இன்னும் இருக்கும். பி.எச்.சி. இந்தியாவில் 1997இல் தடையானது. அதில் பூச்சியைக் கொல்லும் காமா வகை, அதாவது லிண்டேன், 10 முதல் 15 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும் பகுதி ஆல்பா வகை, சுண்டெலிக் கல்லீரலில் கட்டியை வலுவாக உண்டாக்கியது அதுதான். ஐ.எஸ். 10500 தரத்தில் லிண்டேனுக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரம்பு, ஆல்பாவுக்கு வெறும் 0.01. டப்பாவை வாய்க்காலில் கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள். மூடி, பாலித்தீன் பையில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

செம்புக்காக ஒயரை எரிப்பதும், பிவிசி குழாயைக் குப்பையோடு கொளுத்துவதும் டையாக்சின் உருவாக்கும் வழிகள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை மூட்டு வலிக்குத் தேய்ப்பது, பம்புசெட்டுக்கு ஊற்றுவது எதுவும் வேண்டாம், அதில் பி.சி.பி. இருக்கலாம். 1968இல் ஜப்பானில், ஆலையின் சூடேற்றும் குழாயிலிருந்து கசிந்த பி.சி.பி. தவிட்டு எண்ணெயில் கலந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அரிசி ஆலையும் தவிட்டு எண்ணெயும் உள்ள நம் ஊரில் அந்தச் சம்பவத்தை ஆலைக்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

ஊக்கிக்கு வேலை இருக்க முதலில் மாறிய செல் வேண்டும் அல்லவா? அந்த விதையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நிலக்கடலையை ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கொப்பரையை 6 சதவீதத்துக்கும் காயவைத்தால் அஃப்லடாக்சின் பூசணம் பிடிக்காது. பூசணம் பட்ட கடலையை எண்ணெய்க்கும் மாட்டுக்கும் ஒதுக்காமல் அப்புறப்படுத்த வேண்டும், மாடு தின்றால் பாலில் வரும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். மனிதக் கல்லீரல் புற்றுக்கு அந்த வைரஸும் அஃப்லடாக்சினும் சேரும்போது ஆபத்து பல மடங்கு ஏறுகிறது.

தண்ணீரைச் சோதிக்க எடுக்கும்போது பாத்திரத்திலேயே பாதி ஆய்வு கெட்டுப்போகிறது. பூச்சிமருந்து, பி.சி.பி. பார்க்க ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்தால் ரசாயனம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு விடை குறைந்து வரும். பாட்டிலை அதே தண்ணீரில் அலசாதீர்கள், சுவரில் ஒட்டுவது சேர்ந்து விடை ஏறும். குளோரோஃபார்ம் போன்ற ஆவியாகும் பொருளுக்கு 40 மில்லி சிறு குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். உலோகத்துக்கு மட்டும் பிளாஸ்டிக், அதில் ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, பூச்சிமருந்து மாதிரியை ஏழு நாளுக்குள் பிரித்தெடுக்கும்படி கொடுத்துவிடுங்கள். பி.சி.பி.யும் டையாக்சினும் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அவற்றைத் தேடுவதானால் வாய்க்கால் அடிச்சேற்றையும் மீனின் கொழுப்பையும் சோதிக்கக் கேளுங்கள்.

அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எந்த அளவுக்கு மேல்தான் உங்கள் கருவி கண்டறியும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆல்பா வகைக்கு வரம்பு 0.01 மைக்ரோகிராம். கருவி 0.1க்குக் கீழே பார்க்காது என்றால் அந்தத் தாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேறு ஆய்வகத்துக்குப் புதிதாக மாதிரி எடுத்து அனுப்ப வேண்டியதுதான்.